வெல்ஷ் தட்டும் தேவநேசன் ஐயாவின் கதிரையும்

எங்கள் மாலுமிகள் இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் வாசிகசாலையைத் திருத்துகிறார். கணினி வைத்து, கப்பல்காரர் தங்கள் வீட்டாரோடு முகம் பார்த்துக் கதைக்க வசதி செய்யப் போகிறார். நல்ல காரியம். அதற்காகச் சன்னலோர அலுமாரியை ஒதுக்கியபோது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ராசன் அண்ணை, இந்தக் கீழ்த்தட்டில இருக்கிறது என்ன பாஷை?"

"வெல்ஷ், ஐயா. இங்கிலாந்துக்குப் பக்கத்தில வேல்ஸ் எண்டொரு நாடு. அவையின்ர பாஷை."

"ஆரும் வாசிக்கிறவையோ?"

"இப்ப ஒருத்தரும் இல்லை."

"அப்ப எடுக்கலாம்தானே?"

"ஏலாது ஐயா."

சொன்ன வேகம் எனக்கே ஒரு மாதிரியாகப் போய்விட்டது. ஓய்வுபெற்ற வேலைக்காரன் அப்படிச் சொல்லலாமா? அவர் கோபிக்கவில்லை. "ஏன் ஏலாதெண்டு எழுதித் தாங்கோ, சபை மலரில போடுவம்" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஞாபகத்தைத் தந்த கர்த்தர் கையையும் நடத்தட்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் அங்கே சேர்ந்தது கூட்டித் துடைக்கிற வேலைக்கு. பிறகு பத்திரிகை அடுக்கினேன். பிறகு துறைமுகத்துக்குள் போக அனுமதி அட்டை எடுத்துத் தந்தார்கள். புத்தகப் பையோடு கப்பல்களுக்கு ஏறி இறங்கத் தொடங்கினேன். எல்லாம் பழக்கியவர் அப்போதைய போதகர் தேவநேசன் ஐயா.

ஐயா உயரமானவர், குறைவாகக் கதைக்கிறவர். பிழை விட்டால் ஏசமாட்டார். நாங்கள் பிழையாக வைத்த பொருளைத் தன் கையால் சரியாக வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தபடி, நாங்கள் அதைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்பார். அந்த நிற்பு ஏச்சைவிடக் கனம்.

கப்பலில் ஏறினால் எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு முறை இருந்தது. வெறுங்கையோடு ஏறக்கூடாது. புத்தகத்தை ஒற்றைக் கையால் நீட்டக்கூடாது. "எந்த நாடு எண்டு கேட்காதை. அது பொலிஸ்காரன் கேக்கிற கேள்வி. 'வாசிக்க என்ன வேணும்' எண்டு மட்டும் கேள். மனுசன் தன்ர பாஷையைத் தானே சொல்லுவான்."

நோயாளியாக இறக்கப்படுகிறவர்களுக்கு வேறு முறை. பலர் பேசமுடியாத நிலையில் வருவார்கள். அவர்களுக்கென்று ஐயா ஒரு பலகை எழுதி வைத்திருந்தார். 'பயப்படாதேயும், நண்பர்களோடு இருக்கிறீர்' என்ற ஒரே வாசகம், வரிக்கு ஒரு மொழியாக மேலிருந்து கீழ்வரை இருக்கும். வந்த கப்பல்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த வரிகள் அவை. பலகையைப் படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக உயர்த்த வேண்டும். அந்த நேரம் நாங்கள் பலகையைப் பார்க்கக்கூடாது; அவருடைய கண்ணைப் பார்க்க வேண்டும். "கண் எந்த வரியில நிக்குதோ, அதுதான் அவன்ர வீடு" என்பார் ஐயா.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஐயாவுக்கு ஒரே மகன். சண்டைக் காலத்தில் ஒரு நாள் காலை பாலையூற்று வீட்டிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வெளிக்கிட்டவன் வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. மகனைத் தேடி ஐயா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. பிறகு அதைப் பற்றி எங்களோடு கதைப்பதை விட்டுவிட்டார். பிரசங்கத்தில் சமாதானம் என்ற சொல் வருகிற இடத்தை அவர் சுற்றிக்கொண்டு போவதை நான் கவனித்திருக்கிறேன். ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் கூறும்போது மட்டும், கூறித்தானே ஆகவேண்டும் என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு கூறுவார்.

அந்த நாட்களில்தான் எம்லின் வந்தார். ஒரு சரக்குக் கப்பலின் தலைமை எஞ்சினியர். அறுபது வயதை எட்டியிருப்பார். துறைமுகத்தில் நின்ற கப்பலிலேயே பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கப்பல் காத்திராமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காயக்காரருக்கே கட்டில் போதாத காலம். கொஞ்சம் தேறியதும் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

கடவுச்சீட்டைப் பார்த்து எல்லாரும் அவரோடு இங்கிலிஷில் கதைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். ஐயா பலகையைப் பிடித்தார். நான் கண்ணைப் பார்த்தேன். இங்கிலிஷ் வரியை அந்தக் கண் தெரியாத ஊரைப் போலக் கடந்து போனது. பிரெஞ்சு, இத்தாலி, கிரேக்கம் எல்லாம் கடந்து, கீழே ஒரு வரியில் நின்றது. பிறகு அசையவில்லை. இடக்கண்ணின் ஓரத்தில் தண்ணீர் உருண்டது.

"வெல்ஷ்" என்றார் ஐயா. "பிந்திப் படிச்ச பாஷை போயிட்டுது. தாய் குடுத்தது மட்டும் மிஞ்சியிருக்குது. எங்களிட்ட ஒரு தட்டு இருக்கெல்லே, ராசன்."

இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் யாரோ விட்டுச்சென்ற புத்தகங்கள். ஒன்றைத் தவிர எல்லாம் வெல்ஷ். அந்த ஒன்று இங்கிலிஷில், அந்த மொழியின் புலவர்களையும் எழுத்தாளர்களையும் நூற்றாண்டு வரிசையில் சொல்லுகிற தடித்த புத்தகம்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒரே விஷயத்தைச் சொன்னார். "ஆளை இருத்துங்கோ. பிளேனில படுக்க வைச்சுக் கொண்டுபோக ஒழுங்கில்லை. கதிரையில இருக்கக்கூடியவரெண்டாத்தான் ஏத்துவினம். மாசக் கடைசியில கொழும்புக்கு ஒரு வாகனம் போகுது. அதை விட்டா றோட்டு எப்ப திறக்குமோ தெரியாது. இப்பிடியே சாப்பிடாமல் கிடந்தா அதுவரைக்கும் தாங்கமாட்டார்."

ஆக, அந்த மனிதர் கதிரையில் நிமிர்ந்து இருந்தால் வீடு போவார். இராவிட்டால் எங்கள் மயானத்துக்குப் போவார். அவ்வளவுதான்.

இருத்திப் பார்த்தோம். நானும், இல்லத்துப் படகோட்டி குறிஞ்சாக்கேணி சுலைமான் நானாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குவோம். கதிரையில் வைத்த மறுகணம் நனைந்த சாக்குப் போலச் சரிந்துவிடுவார். பலமில்லாமல் அல்ல, இடப்பக்கம் நல்ல பலம். மனம் இல்லை. குசினியில் சமைக்கிற பிலோமினா அக்கா இறக்கக்கண்டியிலிருந்து மீன் வாங்கி வந்து சொதி வைத்தாலும் வாய் திறக்கமாட்டார். சுலைமான் நானா கொண்டுவரும் எருமைத் தயிரில் மட்டும் இரண்டு கரண்டி இறங்கும்.

"வாசிச்சுப் பார்" என்றார் ஐயா.

"எனக்கு வெல்ஷ் தெரியாதே, ஐயா."

"எனக்கும் தெரியாது. எழுத்து இங்கிலிஷ் எழுத்துத்தானே. பிழையா வாசி. தன்ர பாஷையைப் பிழையாக் கேட்டுக்கொண்டு ஒருத்தனும் சும்மா கிடக்கமாட்டான்."

எனக்குப் பாட்டு என்றால் சபைப் பாட்டு. வரி வரியாக முறித்து அச்சிட்டிருந்தால் அது ஞானப்பாட்டுத்தான் என்பது என் எண்ணம். பழைய தோல் அட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒன்றைத் தெரிந்தெடுத்து, கட்டிலருகே எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி ஒரு பக்கம் வாசித்தேன். முடிவில் "ஆமென்" என்றேன்.

கட்டில் குலுங்கியது. எம்லின் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, தொண்டையில் அடைத்து, இருமி, மறுபடியும் சிரித்தார். பிலோமினா அக்கா கரண்டியோடு ஓடி வந்தா. "ஐயோ, மனுசனுக்கு வலிப்பு! என்ன செய்தனீ ராசன்?"

"ஜெபம் பண்ணினனான், அக்கா."

ஐயா தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தின புலவர் இவர். கடற்காகத்தைப் பாத்து, 'நீ போய் என்ர பெட்டையிட்ட என்ர நிலைமையைச் சொல்லு' எண்டு தூது அனுப்புறார். அதுக்குத்தான் நீ ஆமென் சொன்னது."

அன்று ஐயாவின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனது. அப்படியொன்றை நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

அதன்பிறகு தினமும் பின்னேரம் நாங்கள் அந்தத் தட்டை வரிசையாக வாசித்தோம். ஐயா முதலில் தடித்த புத்தகத்தைப் படித்து எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். பிறகு நான் வெல்ஷைப் பிழையாக வாசிப்பேன். எம்லின் பிழை வரும் இடமெல்லாம் இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். முதல் நாட்களில் அது தச்சன் வேலை செய்கிற சத்தம்போலவே இருந்தது.

பழையதில் தொடங்கினோம். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்திய ஒரு புலவர். ஒரு படை முழுதும் விருந்துண்டு, போருக்குப் போய், அநேகமாக எல்லாருமே மாண்டுபோகிறார்கள். புலவர் அவர்களைச் சேர்த்து அழவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவன் இப்படிப்பட்டவன், இவன் தாய்க்கு இப்படிப்பட்ட பிள்ளை என்று ஆளுக்கொரு பாட்டு வைக்கிறார். பாதியில் ஐயா புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். அன்று மிச்சத்தை நான் வாசிக்கவில்லை.

மறுநாள் அவரே வந்து தொடர்ந்தார். அவர்களுடைய யாப்பைப் பற்றிச் சொன்னார். எங்கள் மோனை எதுகை போல அவர்களுக்கும் ஒன்று உண்டாம், இன்னும் இறுக்கம். வரியின் முன்பாதியில் வருகிற மெய்யெழுத்துகள் அதே ஒழுங்கில் பின்பாதியிலும் திரும்ப வரவேண்டுமாம். வெண்பாவைப் போல நாலே வரியில் முடிகிற பாட்டும் உண்டாம்; அதைக் கல்லறைக் கல்லிலும் வெட்டுவார்களாம். எனக்கு வெண்பாவும் தெரியாது. ஆனால் வாசிக்கும்போது, அர்த்தம் தெரியாமலே, ஒரு சத்தம் போய் அதே சத்தம் திரும்பி வருவது நாக்கில் தட்டுப்பட்டது. அலை கல்லில் அடித்துத் திரும்புவது போல.

பிறகு வேதம். நானூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு குருவானவர் அதை முழுதாக அந்த மொழியில் கொண்டுவந்தார் என்றும், ஆட்சி வேறு மொழியில் நடந்தபோதும் அந்த மொழி சாகாமல் நின்றதற்கு அது பெரிய காரணம் என்றும் ஐயா சொன்னார். பிறகு பாட்டெழுதிய பக்தர்கள். அவர்களில் பண்ணை வைத்திருந்த ஒரு கமக்காரப் பெண், முப்பது வயதளவில் பிள்ளைப்பேற்றோடு இறந்துபோனவள். அவளுடைய பாட்டுகளை வீட்டு வேலைக்காரி மனதில் வைத்திருந்தாளாம். அந்த வேலைக்காரிக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியதால்தான் அவை உலகத்துக்குக் கிடைத்தனவாம். அதைக் கேட்ட அன்று நான் வீட்டுக்குப் போய் முழங்காலில் நின்று, எழுதத் தெரியாத அந்தப் பெண்ணுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

போன நூற்றாண்டு எழுத்தாளர்களில் ஒரு பெண்மணி கல்லுடைக்கும் குடும்பங்களின் கதைகளை எழுதினார். அதில் ஒரு தாய்க்கு, மகன் போரில் இறந்தான் என்ற கடிதம் வருகிறது. அவளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அது அவளுடைய மொழியில் இல்லை.

"எங்களுக்கும் அப்பிடித்தானே ஐயா வரும், தெரியாத பாஷையில" என்றா பிலோமினா அக்கா.

"எனக்கு அதுவும் வரேல்லை, பிள்ளை" என்றார் ஐயா.

எம்லினுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆனால் கட்டில் சட்டத்திலிருந்த கையை எடுத்து ஐயாவின் முழங்கைமேல் வைத்தார்.

இத்தனைக்கும் மனிதர் கதிரையில் இருக்கவில்லை. சாப்பாடு கொஞ்சம் இறங்கியது; தூக்கினால் சரிவது மட்டும் மாறவில்லை. மாதக் கடைசி நெருங்கியது.

கடைசியாக ஐயா படித்துச் சொன்னது அவர்களுடைய புலவர் விழாவைப் பற்றி. ஒவ்வொரு வருடமும் புலவர்கள் புனைபெயரில் பாட்டு அனுப்புவார்கள். வென்றவர் யார் என்பது விழாப் பந்தலில் அவர் எழுந்து நிற்கும்வரை சனத்துக்குத் தெரியாது. பரிசு ஒரு கதிரை. அந்த விழாவுக்கென்றே தச்சன் செதுக்கியது. ஆனால் உடனே அதில் இருக்க முடியாது. புலவரின் தலைக்கு மேலே வாளை உறையிலிருந்து பாதி இழுத்து, தலைவர் சனத்தைப் பார்த்து மூன்று முறை கேட்பார், "சமாதானம் இருக்கிறதா?" என்று. மூன்று முறையும் சனம் முழுதும் "சமாதானம்" என்று மறுமொழி சொன்னபிறகுதான் வாள் உறைக்குள் போகும், புலவர் கதிரையில் இருப்பார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஒருமுறை வென்ற புலவரைக் கூப்பிட்டபோது ஒருவரும் எழும்பவில்லையாம். அவர் சில கிழமைகளுக்கு முன்னரே போர்க்களத்தில் இறந்துவிட்டார். கதிரைக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்களாம்.

"எங்கட ஊரில எத்தினை கதிரைக்குப் போர்க்கிறது" என்றா பிலோமினா அக்கா.

புத்தகத்தில் அந்த விழாவின் படம் ஒன்று இருந்தது. எம்லின் அந்தப் படத்தில் கையை வைத்தார். ஐயா பக்கத்தைப் புரட்டப் பார்த்தார், கை எடுபடவில்லை.

அக்காதான் முதலில் விளங்கிக்கொண்டவ. "அப்ப அந்த முறையிலயே இருத்திப் பாப்பம். எங்கட கலியாணத்தில மாப்பிளையைச் சும்மா கதிரையில தள்ளுறமோ? ஒவ்வொரு சனத்துக்கும் ஒவ்வொரு முறை."

வாசிகசாலையிலிருந்து ஐயாவின் கைபிடிக் கதிரையைக் கொண்டுவந்தோம். வாளுக்கு என்ன செய்வது? சுலைமான் நானா மீன் வெட்டுகிற கத்தியை எடுக்கப் போனார்.

"விசரோ உங்களுக்கு! சன்னலால ஆமிக்காரன் கண்டா எல்லாரையும் ஏத்திக்கொண்டு போவான். இந்தாங்கோ" என்று அக்கா பெரிய அகப்பையைக் கடதாசியில் சுற்றித் தந்தா.

நானும் சுலைமான் நானாவும் எம்லினைத் தூக்கி நிறுத்தினோம். அக்கா அகப்பையைக் கடதாசி உறையிலிருந்து பாதி இழுத்து அவர் தலைக்கு மேலே பிடித்தா. சிரிப்பு வந்தது, எம்லினின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் இடக்காலை ஊன்றி நின்றார். சரியவில்லை.

ஐயா புத்தகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை வெல்ஷில் கேட்டார். அவர் சொல்லித் தந்த ஒற்றைச் சொல்லில் நாங்கள் மறுமொழி சொன்னோம்.

இரண்டாம் முறை கேட்டார். அந்த நேரம் மூதூர்ப் பக்கம் ஷெல் விழுந்தது. சன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. எங்கள் மறுமொழி பாதிதான் வெளியே வந்தது.

மூன்றாம் முறை ஐயா வாயைத் திறந்தார். கேட்காமலே புத்தகத்தைத் தாழ்த்திவிட்டார்.

"ஏலாது" என்றார். "பொய் சொல்லி ஒரு மனுசனை நான் இருத்தமாட்டன்."

எங்கள் கையில் எம்லினின் பாரம். அவருடைய கால் நடுங்கத் தொடங்கியது. மூன்றாவது கேள்வி வராமல் அவர் இருக்கப்போவதில்லை என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. கண் ஐயாவை விட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சென்றால் விழுந்துவிடுவார். பிறகு எழும்பவே மாட்டார் என்று என் மனம் சொன்னது. "கர்த்தாவே, கர்த்தாவே" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சுலைமான் நானா மூச்சு வாங்கியபடி சொன்னார். "ஐயா, சலாமெண்டாலும் சமாதானந்தான். நாங்க ஒவ்வொரு நாளும் காண்ற ஆளுக்கெல்லாம் சலாம் செல்றம். சண்டை ஓஞ்சிட்டெண்டா செல்றம்? என்ட கூடப்பொறந்த காக்காவச் சுட்டு மௌத்தாக்கின கிழமையும் நான் சலாம் சென்னன். அது இரிக்கெண்டு செல்ற சாட்சியில்ல. வரட்டுமெண்டு கேக்கிற துஆ. கேளுங்க ஐயா, மனிசன் விழப்போறார்."

ஐயா கண்ணை மூடவில்லை. ஆசீர்வாதத்தின்போது எப்போதும் மூடுகிற மனிதர், அன்று திறந்த கண்ணோடு மூன்றாம் முறை கேட்டார். நாங்கள் சொன்ன மறுமொழி வெல்ஷிலும் இல்லை, தமிழிலும் இல்லை. எல்லாம் கலந்து சத்தமாக வந்தது. அதில் ஐயாவின் குரலும் இருந்தது.

அக்கா அகப்பையை உறைக்குள் தள்ளினா. எம்லின் கதிரையில் இருந்தார். முதுகு நேராக, இடக்கை கைபிடியில். பிறகு அக்கா அதே அகப்பையால் கஞ்சி அள்ளி ஊற்றினா, குடித்தார்.

மாதக் கடைசியில் வாகனம் வந்தது. முன்பக்க இருக்கையில் எம்லினை வைத்துப் பட்டியால் கட்டினோம். ஐயா கதவருகே நின்றார். அப்போது எம்லின் வாய் திறந்து, வந்த நாளிலிருந்து சொல்லாத ஒரு முழு வாசகத்தைத் தெளிவாகச் சொன்னார். அந்தக் கேள்விதான். ஐயாவைப் பார்த்துக் கேட்டார்.

ஐயா தமிழில் சொன்னார்: "இன்னும் இல்லை."

எம்லின் மறுபடியும் கேட்டார். ஐயா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் சாரதி அவசரப்படுத்தினார். செக்பொயின்ற் மூடுமுன் போகவேண்டும். வாகனம் வெளிக்கிட்டுவிட்டது.

அவர் ஊர் போய்ச் சேர்ந்தார் என்று கப்பல் முகவர் சொன்னார். வேறு சேதி இல்லை.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின் ஐயா பாலையூற்று வீட்டில் படுக்கையில் விழுந்தார். அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்; கொண்டுபோனேன். "அந்த மனுசன் ரெண்டு தரம்தான் கேட்டவர், ராசன். மூண்டாந்தரம் பாக்கி இருக்குது. இப்ப வெடிச்சத்தம் இல்லை. நீ கேள்."

நான் எழுந்து நின்று, பிழையான வெல்ஷில், கேட்டேன். தட்டித் திருத்த அங்கே கை இல்லை.

ஐயா கையை நீட்டிப் புத்தகத்தை மூடிவிட்டார். "என்ர பிள்ளை எங்கையெண்டு ஆராவது வந்து சொல்லட்டும்" என்றார். "அப்ப மறுமொழி சொல்லுறன். அதுவரைக்கும் அந்தத் தட்டு அங்கயே இருக்கட்டும்."

ஒருவரும் வந்து சொல்லவில்லை. ஐயா அந்த மாரியிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

புதுப் போதகர் ஐயா, ஏன் ஏலாது என்று கேட்டீர்கள். மறுமொழி சொல்ல வேண்டியவர் போய்விட்டார். கேள்வி சன்னலோரக் கீழ்த்தட்டில் இருக்கிறது. கணினியை மற்றச் சுவரோடு வையுங்கள். புதன்கிழமைகளில் நான் வந்து தூசி தட்டிவிட்டுப் போகிறேன்.